பாதி தெரிந்த வேலை

போன வருடம் எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, என் தங்கையின் மாமியாருக்கு மேலுதட்டில் ஒரு தேனீ கொட்டிவிட்டது. ஒரே ஒரு தேனீ. வீக்கம் மூன்று நாளில் வடிந்தது. அதைப் பற்றிய பேச்சு மட்டும் ஒரு வருடமாகியும் வடியவில்லை. "உங்க அக்கா சாப்பிடக் கூப்பிட்டாங்களா, கொட்ட வைக்கக் கூப்பிட்டாங்களா?" என்று அவர் கேட்டாராம். தங்கை அதை என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்தச் சிரிப்புதான் எனக்கு அதிகம் வலித்தது.

நான் தையல்காரி. வீட்டின் முன் அறைதான் கடை. என்னிடம் துணி கொடுத்தால் தையல் ஒரு பங்கு, பேச்சு மூன்று பங்கு என்று தெருவில் சொல்வார்கள். பொய்யில்லை. என் கணவர் எனக்கு நேர் எதிர். மரப்பட்டறையில் கதவும் ஜன்னலும் செய்கிறவர், பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் இரண்டு பேசுவார். யாராவது என்ன வேலை என்று கேட்டால் மட்டும், "தேனீ வளர்க்கறேன். மீதி நேரத்துல மரம் அறுக்கறேன்" என்பார்.

வீட்டுக்குப் பின்னால் கம்பி வேலியோரம் ஆறு பெட்டிகள். அவரே இழைத்து, அவரே ஆணியடித்து, வெளிர்நீல வண்ணம் அடித்தவை. ஆறு பெட்டிகளின் வாசலும் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் பூசணித் தோட்டத்தைப் பார்த்திருக்கும். தோட்டத்துக்காரி என் வயதுக்காரி, என்னைவிட வாயாடி. இடப்பக்கம் லாண்டரி. லாண்டரிக்காரருக்கும் தேனீக்கும்தான் ஆகாது. தேனீ பறக்கும்போதே கழித்துவிட்டுப் போகும். அது மஞ்சள் புள்ளியாக விழும். கொடியில் காயும் வெள்ளை விரிப்பில் விழுந்தால் மறுபடி துவைக்க வேண்டும். "உன் வீட்டுக்காரர் தேனை ஊருக்குக் குடுக்கறாரு, மிச்சத்தை எனக்குக் குடுக்கறாரு" என்று வாரம் ஒருமுறையாவது என்னிடம் முறையிடுவார்.

இந்த வருடமும் தங்கை குடும்பம் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருவதாக இருந்தது. பன்னிரண்டு பேர். வீட்டுக்குள் இடமில்லை, பின்பக்கத்தில்தான் மேசை போட வேண்டும். முந்தைய வாரமே கணவரிடம் கேட்டுப் பார்த்தேன்.

"ஒரு நாளைக்கு மட்டும் பெட்டியை எல்லாம் அந்த மூலைக்கு நகர்த்தி வைங்களேன்."

"முடியாது."

"ஏன் முடியாது? வேர் விட்டிருக்கா?"

"ஆமான்னுதான் வெச்சுக்கோயேன். அது கிளம்பும்போது வீடு இருக்கற இடத்தை மனப்பாடம் பண்ணிட்டுப் போகும். நாம இருபதடி தள்ளி வெச்சா, திரும்பி வந்து பழைய இடத்துல வெறும் காத்தைச் சுத்திச் சுத்தியே செத்துப் போகும். ரெண்டடி நகர்த்தலாம், இல்லன்னா ரெண்டு ஊர் தாண்டிக் கொண்டு போகலாம். நடுவுல கிடையாது."

"அப்ப எனக்கும் என் தங்கச்சிக்கும் இதுல ஒரு நடுவழியும் கிடையாதா?"

"உள்ள உட்கார்ந்து சாப்பிடுங்க."

"பன்னெண்டு பேரா? ஒருத்தர் மடியில ஒருத்தரா?"

அவர் சிரித்துவிட்டு எழுந்து போய்விட்டார். சிரித்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். எனக்கு முடியவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் அந்தப் பெட்டிகளை, தேனுக்காகக் கொஞ்ச நாள் வைத்திருந்த ஒரு சூரியகாந்தி வயலிலிருந்து சின்ன லாரியில் திரும்பக் கொண்டுவந்தோம். பொழுது சாய்ந்து, கடைசித் தேனீயும் உள்ளே போன பிறகு வாசலை அடைக்க வேண்டும். அதற்கென்று அவர் ஸ்பாஞ்சை விரல்நீளத் துண்டுகளாக வெட்டி ஷெட்டில் ஒரு டப்பாவில் வைத்திருந்தார். வாசல் அடைப்பது என் வேலை. மேலே அவர் ஏதோ கழற்றிக்கொண்டும் மாட்டிக்கொண்டும் இருந்தார். நான் அதைப் பார்க்கவில்லை, குனிந்து என் வேலையைச் செய்தேன். பெட்டியை இறக்க லாண்டரிக்காரர்கூடக் கை கொடுத்தார். ஸ்பாஞ்சைப் பார்த்துவிட்டு, "அட, இப்படியே மூடி வெச்சிருங்களேன், என் வெள்ளைத் துணி பிழைச்சுப் போகும்" என்றார். எல்லோரும் சிரித்தோம். காலையில் ஸ்பாஞ்சை எடுத்ததும், ஒன்றுமே நடக்காததுபோலத் தேனீக்கள் வேலைக்குக் கிளம்பின.

இதுதான் எனக்குத் தெரிந்தது. ராத்திரி பூராவும் மூடி வைத்தே ஒன்றும் ஆகவில்லை. பகலில் ஏழெட்டு மணி நேரம் மூடினால் என்ன ஆகிவிடும்?

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கு எழுந்தேன். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். பின்பக்கம் போய் டப்பாவைத் திறந்து ஆறு வாசலையும் அடைத்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. தையல்காரி கை, ஊசி நுழைய இடமில்லாமல் செருகினேன். இரண்டு மணிக்கு எடுத்துவிடலாம், அவர் வருவதற்குள் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று கணக்குப் போட்டேன். பக்கத்து ஊரில் ஒரு வீட்டுக்கு ஜன்னல் பொருத்தும் வேலை அவருக்கு. ஆறரைக்குக் கருவிப்பையைத் தூக்கிக்கொண்டு பின்வழியாகத்தான் கிளம்பினார். அவர் போகும் வழிக்குப் பெட்டிகளின் முதுகுதான் தெரியும். நான் அடுப்படி ஜன்னலில் நின்று பார்த்தேன். ஒரு கணம் நின்றார். அப்புறம் நடந்துவிட்டார்.

விருந்து பிரமாதம். வெயில் கொஞ்சம் அதிகம், அதனால் பெரிய துணியை இழுத்துக் கட்டி நிழல் பண்ணியிருந்தேன். தங்கையின் மாமியார் முதலில் உதட்டைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டுதான் உட்கார்ந்தார். கால் மணி கழித்துக் கைக்குட்டை மடிக்கு இறங்கியது. "பரவாயில்லையே, ஒரு ஈ கூட இல்லை! என்னம்மா பண்ணினே?" என்றார்.

"எல்லாம் ஒரு ஏற்பாடுதான் அத்தை" என்றேன். எனக்குத் தலைகால் புரியவில்லை. தங்கை மேசைக்கடியில் என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

இரண்டு மணிக்கு எழுந்தேன். உண்மையாகவே எழுந்தேன். அந்த நேரம் பார்த்து அத்தை தன் புதுச் சட்டையின் கை பிடிக்கிறது என்று சொன்னார். "உன் கைபட்டாத்தான் சரியாகும்" என்றார். ஒரு வருடமாக இப்படி ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருந்தேன். முன் அறைக்குப் போய் மெஷினில் உட்கார்ந்தேன். ஒரு கை முடிந்து இன்னொரு கை. அப்புறம் கழுத்து. அப்புறம் தங்கை ஆல்பத்தை எடுத்தாள். யாரோ தேநீர் கேட்டார்கள்.

நான்கு மணி இருக்கும். என் கணவர் பின்வாசல் வழியாக உள்ளே வந்தார். எப்போது வந்தாலும் முதலில் பெட்டிகளைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார், அதை நான் எப்படி மறந்தேன்? இரண்டு கையும் முழங்கை வரை தேன். தேனில் கறுப்பாக ஒட்டிக்கொண்டு தேனீக்கள். ஒன்றுகூட அசையவில்லை. வலது கையில் ஒரு ஸ்பாஞ்ச் துண்டு.

"யாரோ வாசலை அடைச்சிருக்காங்க," என்றார். "ஆறையும். உள்ள வெந்து போயிருக்கு. தேனடை உருகி ஓடுது."

பன்னிரண்டு பேரும் எழுந்துவிட்டார்கள். "ஐயையோ, யாரு பண்ணினது?" என்றார் அத்தை. எல்லோரும் என் கணவரைப் பார்த்தார்கள். அவர் ஸ்பாஞ்சைப் பார்த்தார். என்னை ஒருவரும் பார்க்கவில்லை.

ஊரையே பேசித் தீர்க்கும் என் வாயை நான் மூன்று முறை திறந்தேன். மூன்று முறையும், "முதல்ல தண்ணி குடிங்க" என்றுதான் வந்தது.

"இது நம்ம ஷெட்டுல இருந்த ஸ்பாஞ்ச்," என்றார் அவர். "எங்க இருக்கும், எப்படி அடைக்கணும்னு தெரிஞ்ச ஆளு." சொல்லிவிட்டு அவர் தலை தானாக இடப்பக்கச் சுவரை நோக்கித் திரும்பியது. சுவருக்கு அந்தப் பக்கம் லாண்டரி மெஷின் ஓடுகிற சத்தம்.

*

திங்கட்கிழமை அவர் பட்டறைக்குப் போகவில்லை. பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்தோம். உருகிய மெழுகு அடியில் கட்டியாக உறைந்து, அதற்குள் தேனீக்கள் புதைந்திருந்தன. வாசலருகேதான் அதிகம். வெளியே வர எல்லாம் அங்கேதான் முண்டியடித்திருக்கின்றன. என் ஸ்பாஞ்சின் உட்புறம் பஞ்சு பஞ்சாகப் பிய்ந்திருந்தது. கடித்துப் பார்த்திருக்கின்றன. துடைப்பத்தால் கூட்டி முறத்தில் அள்ளினேன். செத்த தேனீக்குக் கனமே இருக்காது என்று நினைத்திருந்தேன். ஐந்து பெட்டியின் தேனீயை அள்ளியபோது கை வலித்தது. தண்ணீர்த் தொட்டி நிழலில் இருந்த ஆறாவது பெட்டியில் மட்டும் ஒரு கைப்பிடி அளவு உயிரோடிருந்தது. ராணியும் இருந்தது.

"எதுக்கு உருகிச்சு?" என்று கேட்டேன். "அன்னிக்கு லாரியில வந்தப்ப ஒண்ணும் ஆகலியே?"

"அன்னிக்கு மேல் மூடியைக் கழட்டிட்டு வலை போட்டேனே. காத்து போகணும்ல. உள்ள அத்தனை உயிரு மூச்சு விடுது, சூடு ஏறும். சாதாரணமா வாசல்ல நின்னு றெக்கையால விசிறியே சூட்டை வெளிய தள்ளிடும். வாசலும் இல்ல, வலையும் இல்லன்னா..." நிறுத்திவிட்டார். அப்புறம், "அடைச்சவனுக்குப் பாதிதான் தெரிஞ்சிருக்கு" என்றார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் முறத்தைக் கவிழ்த்துத் தட்டினேன்.

அவர் திண்டில் உட்கார்ந்து கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நேத்து காலையில போகும்போது ஒரு சத்தம் கேட்டுச்சு. கூட்டமா விம்மற மாதிரி. நின்னேன். பஸ்ஸுக்கு நேரமாச்சேன்னு போயிட்டேன். ரெண்டு எட்டு வெச்சு முன்பக்கம் எட்டிப் பாத்திருந்தா எல்லாம் உயிரோட இருக்கும். நான்தான் கொன்னேன்."

"விடுங்க," என்றேன். என் வாயிலிருந்து அவ்வளவுதான் வந்தது. என் பாவத்தில் பாதியை அவர் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார், நான் இறக்கி வாங்கவில்லை.

மதியம் அவர் லாண்டரிக்குப் போனார். நான் வாசலில் நின்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, நீங்க ஏதாவது..."

"ஏதாவதுன்னா? முழுசாக் கேளு. நீதான் அடைச்சியான்னு கேளு."

என் கணவர் கேட்கவில்லை. திரும்பி நடந்தார். "கேக்காம போறான் பாரு," என்று லாண்டரிக்காரர் பின்னாலிருந்து கத்தினார். "கேட்டாலாவது இல்லன்னு சொல்லிருப்பேன்!"

ஆனால் தெருவுக்கு அது போதும். லாரி வந்த அன்று அவர் சொன்ன வேடிக்கைப் பேச்சு எல்லோருக்கும் ஞாபகம் வந்துவிட்டது. இரண்டு வீடுகள் அவரிடம் துணி போடுவதை நிறுத்தின. பேக்கரிக்காரர் வந்து, "ஸ்டேஷன்ல எழுதிக் குடுங்க, நான் கூட வரேன்" என்றார். சனிக்கிழமை போவதென்று முடிவானது.

"பேரு எழுதுவீங்களா?" என்று கணவரிடம் கேட்டேன்.

"யார் மேல சந்தேகம்னு கேப்பாங்க. கேட்டா சொல்லித்தானே ஆகணும்."

ஆக, எனக்குச் சனிக்கிழமை வரை நேரம். இப்படித்தான் நினைத்தேன், ஏதோ தையல் துணிக்குக் கெடு சொல்வதுபோல.

*

செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து பூசணித் தோட்டத்துக்குப் போனேன். தோட்டத்துக்காரி ஞாயிற்றுக்கிழமை மாலையே வேலிக்கருகில் வந்து நின்று தலையிலடித்துக்கொண்டாள். அவள் கொடிகள் அந்த வாரம்தான் நிறையப் பூக்கத் தொடங்கியிருந்தன. பூசணிப் பூ விடியும்போது விரிந்து ஒன்பது பத்து மணிக்குச் சுருங்கிவிடும். அதற்குள் ஆண்பூவின் மகரந்தம் பெண்பூவுக்கு வந்து சேர வேண்டும். சேராவிட்டால் பெண்பூவின் அடியில் கட்டைவிரல் அளவில் இருக்கும் பிஞ்சு மஞ்சளாகி, மெத்தென்று ஆகி, உதிர்ந்துவிடும். அங்கே இங்கே காட்டுத் தேனீயும் வண்டும் வரும்தான். அந்தப் பெரிய தோட்டத்துக்கு அது எந்த மூலைக்கு?

"உனக்கெதுக்குடி இந்த வேலை? கடையைப் பாரு" என்றாள்.

"சும்மா ஒரு கை குடுக்கறேனே."

"சும்மாவா வரே? உன் வீட்டுக்காரர் முகத்தைப் பாக்க முடியாம ஓடி வரே. எனக்குத் தெரியாதா?"

கண்டுபிடித்துவிட்டாளோ என்று ஒரு கணம் பயந்தேன். அவள் சொன்னது வேறு அர்த்தத்தில். பாவம், மனுஷன் அப்படி உட்கார்ந்திருக்கிறாரே என்ற அர்த்தத்தில்.

ஆண்பூவைப் பறித்து, இதழைக் கிழித்து, நடுவிலிருக்கும் மஞ்சள் தண்டைப் பெண்பூவின் நடுவில் மெல்லத் தடவ வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தடவினால் காய் ஒரு பக்கம் வீங்கி மறுபக்கம் சப்பையாகிவிடுமாம். சுற்றிலும் தடவ வேண்டும். ஒரு பூவுக்குத் தேனீ பத்துப் பதினைந்து தடவை வந்து போகும் என்றாள் அவள். நானும் அவளும் மூன்று மணி நேரம் குனிந்து நிமிர்ந்ததில் தோட்டத்தில் ஒரு மூலைகூட முடியவில்லை. பத்து மணிக்கு மற்ற பூக்கள் எல்லாம் கண்ணெதிரே வாயை மூடிக்கொண்டன. இதை என் கணவரின் பெட்டிகள் சத்தமில்லாமல் தினம் செய்துகொண்டிருந்தன. எனக்கு அவை, விருந்தாளியின் உதட்டில் கொட்டும் ஒரு கொடுக்காகத்தான் தெரிந்தன.

"இதைப் பண்ணினவன் கை அழுகிப் போகணும்," என்றாள் தோட்டத்துக்காரி, ஒரு பூவைத் தடவிக்கொண்டே. "என்ன சொல்றே?"

"ம்."

"என்ன 'ம்'? வாய்விட்டுச் சாபம் குடு. உன் வாய்க்கு என்ன ஆச்சு? ரெண்டு நாளா ரேஷன்ல பேசறே."

என் மஞ்சள் விரல்களைப் பார்த்துக்கொண்டு, "ஆமா, அழுகிப் போகணும்" என்றேன்.

*

வியாழக்கிழமை காலை தோட்டத்திலிருந்து திரும்பும்போது லாண்டரிக்காரர் தன் முற்றத்தில் அசையாமல் நிற்பதைப் பார்த்தேன். கொடிகளில் ஒரு லாட்ஜின் விரிப்புகள், நாற்பது இருக்கும். யாரோ சுவருக்கு மேலிருந்து சேற்றை வாரி இறைத்திருந்தார்கள். வெள்ளை முழுக்கச் சாக்கடைக் கறுப்பு. யார் என்று இன்றுவரை தெரியாது. என் கணவரின் தேனை வாங்கிச் சாப்பிட்டு, அவருக்காக வருத்தப்படுகிற யாரோ ஒரு நல்லவராகத்தான் இருக்கும்.

நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன்.

"உன் வீட்டுக்காரர் இதைப் பண்ணிருக்க மாட்டாருன்னு எனக்குத் தெரியும்," என்றார். "போய் அவர்கிட்ட சொல்லிடு, நான் அவரைச் சந்தேகப்படலன்னு. அவரு என்னைச் சந்தேகப்பட்டாரு, அது வேற. நானும் அன்னிக்கு வாயை மூடிட்டு இருந்திருக்கலாம். மூடி வெச்சிருங்கன்னு சொன்னது நான்தானே? விளையாட்டுதான். ஆனா சொன்னேனே."

சனிக்கிழமை வரை நேரம் இருக்கிறது என்று நினைத்தவள் நான். வீட்டுக்குப் போகவில்லை, செருப்பில் தோட்டத்து மண்ணோடு நேரே பட்டறைக்கு நடந்தேன்.

பட்டறையில் அறுவை மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மரத்தூள் புகையில் அவரும் இன்னும் மூன்று பேரும். அவர் ஒரு நீளப் பலகையைத் தள்ளிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய்ச் சொன்னேன். எனக்கே கேட்கவில்லை. அவர் காதைக் காட்டி, "என்ன?" என்பதுபோலத் தலையை ஆட்டினார். நான் கத்திச் சொல்ல வாயெடுத்தேன். அவர் மெஷினை நிறுத்தினார். ரம்பச் சக்கரம் சுழன்று சுழன்று ஓய்ந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"பெட்டியை அடைச்சது நான்தான்."

இந்த முறை எல்லோருக்கும் கேட்டது.

அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. புரியவில்லையோ என்று நினைத்தேன். பிறகு கேட்டார். "எத்தனை மணிக்கு?"

"காலையில அஞ்சரை. ரெண்டு மணிக்கு எடுத்துடலாம்னு..."

"அஞ்சரை," என்றார். மனதுக்குள் எதையோ எண்ணினார். "வெயில் எட்டுக்கு விழும். அப்ப பதினொண்ணு வரைக்கும் உயிரோட இருந்திருக்கும்."

நான் அத்தைக்கு முதல் தட்டு பரிமாறிய நேரம் அது.

"வலை போடணும்னு எனக்குத் தெரியாதுங்க. சத்தியமா. நீங்க மேல என்ன பண்ணினீங்கன்னு நான் பாக்கவே இல்ல."

"நானும் சொல்லல," என்றார். "நாலு நாளா நான் பஸ்ஸுக்குப் போனதை நினைச்சு நினைச்சு..." என்று ஆரம்பித்தார். பலகையில் ஒட்டியிருந்த தூளை விரலால் தள்ளினார். "இதை முடிச்சுட்டு வரேன்" என்று மெஷினை மறுபடி ஓட்டினார்.

பலகை அடுக்கின் மேல் உட்கார்ந்தேன். போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. மற்ற மூவரும் என்னைப் பார்க்காமல் இருக்க மிகவும் கஷ்டப்பட்டார்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து தங்கைக்குப் போன் செய்து, மாமியாரிடம் கொடுக்கச் சொன்னேன். பன்னிரண்டு பேர் முன்னால் மூடிய வாய், அந்தப் பன்னிரண்டு பேருக்கும் தெரிய வேண்டும்.

"எனக்காகவா அடைச்சே?" என்றார் அத்தை. "அடிப் பாவி. நான் என்னவோ ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"எனக்குத் தெரியல அத்தை. நான் அதை நிஜம்னு எடுத்துக்கிட்டேன்."

"அந்தப் பக்கத்து வீட்டு ஆளுகிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன். "அப்ப என்கிட்ட என்ன பேச்சு? வை போனை" என்று அவரே வைத்துவிட்டார்.

மூன்று மணிக்குக் கணவர் கையைக் கழுவிவிட்டு நடந்தார். நான் பின்னால். திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் வேகமாகவும் நடக்கவில்லை.

லாண்டரி முற்றத்தில் லாண்டரிக்காரர் ஒரு பெரிய தொட்டியில் விரிப்புகளை ஊறப்போட்டிருந்தார். சேற்றோடு மெஷினில் போட்டால் மெஷின் போய்விடும் என்று கையால் அலசிக்கொண்டிருந்தார். தோட்டத்துக்காரியும் வேலி தாண்டி வந்து உதவிக்கொண்டிருந்தாள்.

"நீயே சொல்லு," என்றார் என் கணவர்.

சொன்னேன். ஐந்தரை மணியிலிருந்து ஆரம்பித்து, உதடு, சட்டைக் கை, ஆல்பம் என்று ஒன்றையும் விடாமல். லாண்டரிக்காரர் அலசுவதை நிறுத்தவே இல்லை. நான் முடித்த பிறகும் இரண்டு விரிப்பு அலசினார்.

"திங்கக்கிழமை இவரு வந்து நின்னப்ப நீ எங்க இருந்தே?"

"வாசல்ல. கேட்டுக்கிட்டு இருந்தேன்."

"கேட்டுக்கிட்டு." விரிப்பைத் தண்ணீரில் ஓங்கி அடித்தார். என் முகத்தில் தெறித்தது. துடைக்கவில்லை. "இப்ப வந்து என் முன்னாடி கொட்டறே. நான் என்ன கோயிலா, மன்னிச்சேன்னு மணி அடிக்கறதுக்கு? தெருவுல போய்ச் சொல்லு. பேக்கரிக்காரன்கிட்ட சொல்லு. துணி போடாத ரெண்டு வீட்டுலயும் சொல்லு."

"சொல்றேன்."

"அண்ணே," என்றார் என் கணவர். "நான் கேக்காம போனேன். அது தப்பு."

"தப்புதான்," என்றார் லாண்டரிக்காரர். அடுத்த விரிப்பை எடுத்தார்.

தோட்டத்துக்காரி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று நாள் என் பக்கத்தில் குனிந்து வேலை செய்தவள். "கை அழுகிப் போகட்டும்னு சொன்னேன், நீயும் ஆமான்னே," என்றாள். "அழுகட்டும். ஆனா பூ முடியட்டும், அப்புறம் அழுகட்டும். நாளைக்கு அஞ்சு மணிக்கே வா. இன்னிக்கு மாதிரி ஆறு மணிக்கு ஆடி அசைஞ்சு வந்தா நடக்கறது வேற." சிரிக்கவில்லை. ஈரக்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வேலியைத் தாண்டிப் போய்விட்டாள்.

நான் தெருவுக்குப் போனேன். பேக்கரி, இரண்டு வீடு, அப்புறம் எதிரே வந்தவர்கள். ஒவ்வொரு இடத்திலும் "அடைச்சது நான்தான்" என்றுதான் ஆரம்பித்தேன். பேக்கரிக்காரர், "நல்ல வேளை, ஸ்டேஷனுக்குப் போகல" என்று தன்னைப் பற்றித்தான் கவலைப்பட்டார். ஒரு வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். இன்னொரு வீட்டம்மாள் உள்ளே போய்த் துணி மூட்டையை எடுத்து வந்து என் கையில் கொடுத்து, "அவர்கிட்ட நீயே குடுத்துடு, எனக்குக் கூச்சமா இருக்கு" என்றாள்.

மூட்டையோடு திரும்பினேன். லாண்டரிக்காரர் இன்னும் தொட்டியில்தான் இருந்தார். என் கணவர் சட்டைக்கையை மடித்துவிட்டு, அலசிய விரிப்பு ஒன்றைப் பிழியப் பார்த்துக்கொண்டிருந்தார். நனைந்த பெரிய விரிப்பை ஒரு ஆளால் பிழிய முடியாது, ஒரு முனை தரையில் புரண்டது. மூட்டையை இறக்கிவைத்துவிட்டு அந்த முனையை எடுத்தேன்.

அவர் முறுக்கினார். நானும் முறுக்கினேன். துணி இறுகவில்லை, அவர் சுற்றியதை நான் அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

"எதிர்ப்பக்கம் சுத்து," என்றார்.

எதிர்ப்பக்கம் சுற்றினேன். விரிப்பு இறுகிக் கயிறானது. எங்கள் இருவருக்கும் நடுவில் தண்ணீர் கொட்டியது. இன்னும் பழுப்பாகத்தான் இருந்தது. லாண்டரிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுத் தொட்டியைக் காட்டினார். பிரித்து மறுபடி உள்ளே போட்டோம்.